ஹார்னும் லப்டொப்பும் இடக்குப் பண்ணினால் எங்கே பார்ப்பது

பிரெஞ்சு ஹார்னை ஊதி, அந்த ஒலியை மைக்கில் எடுத்து, லப்டொப்புக்குள் அந்தக் கணமே மாற்றி ஸ்பீக்கரில் திரும்ப விடுகிற இசையை நானும் இரண்டு கூட்டாளிகளும் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டு முன் ஹோலில் வைத்துச் செய்து வருகிறோம். பிழை வந்தால் கேட்க ஊரில் ஆளில்லை. சவுண்ட் செட் போடுகிற அண்ணாமார் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் பழகியது பாட்டுக்காரர், கீபோட், தவில், நாதஸ்வரம். பின்பக்கமாக வாய் வைத்த வாத்தியம் அவர்களுக்குப் புதிது. அதனால் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை, காதுக்கு என்ன கேட்கிறது என்பதில் தொடங்கி எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிழை என்றவுடன் எல்லோரும் லப்டொப்பைத்தான் தொடுகிறார்கள். ஒரு செட்டிங்கை மாற்றி, அது சரிவராமல் இன்னொன்றை மாற்றி, கடைசியில் எது முதலில் எப்படி இருந்தது என்றே தெரியாமல் போய்விடும். உதட்டில் இருந்து தொடங்குங்கள். உதடு, குழாய், பெல் என்ற அகன்ற வாய்க்குள் இருக்கும் கை, மைக், வயர், இன்டர்பேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குள் எடுக்கும் பெட்டி), அதற்குப் பிறகுதான் கணினி, அப்புறம் ஸ்பீக்கர், மண்டபம். ஒலி போகிற வழியிலேயே நீங்களும் போங்கள். எங்களுக்கு வந்த பிழைகளில் பெரும்பாலானவை கணினிக்கு வந்து சேர முன்பே நடந்தவை.

நாங்கள் பாவிப்பது பியூர் டேட்டா. மில்லர் பக்கெட் 1990களில் எழுதிய இலவச மென்பொருள் அது. 1980களில் பாரிசின் இர்காம் இசை ஆராய்ச்சி நிலையத்தில் அவர் தொடங்கியதுதான் மேக்ஸ் என்ற மென்பொருள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

ஃபேடரை ஏற்றினால் கூவுகிறது

அதிகம் வருவது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

கூவல் மெல்லியதாக ஓடுகிற இடத்தில் ஃபேடரை, அதாவது மிக்ஸரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளியை, நிறுத்துங்கள், காது வலிக்கும் அளவு வேண்டாம். ஊதவும் வேண்டாம். ஹார்னை வழக்கம்போலப் பிடித்தபடி இடது கையால் வால்வுகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். வால்வோடு சேர்ந்து கூவலின் சுருதியும் மாறினால், மைக் பெல்லுக்கு மிகக் கிட்ட, அல்லது உள்ளேயே இருக்கிறது. ஸ்பீக்கரில் இருந்து வரும் ஒலி பெல்லுக்குள் போய், குழாயின் சொந்த அதிர்வில் பெருத்து, மைக்கில் ஏறித் திரும்பவும் ஸ்பீக்கருக்கே போகிறது. எஃப் ஹார்னின் குழாயை விரித்து நீட்டினால் ஏறக்குறைய 3.7 மீற்றர் வரும். அந்த நீளத்துக்குரிய சுரங்கள் எல்லாம் யாராவது தட்டி எழுப்பட்டும் என்று உள்ளே இருக்கின்றன. வால்வை அழுத்தியும் சுருதி அசையவில்லை என்றால் வளையம் ஹார்னுக்கு வெளியே, மண்டபத்தில் ஓடுகிறது.

முதலாவது என்றால், பெல்லில் கவ்வியிருக்கும் மைக்கைக் கழற்றி ஸ்டாண்டில் போடுங்கள். பெல்லில் இருந்து 30 முதல் 50 சென்றிமீற்றர், நேர் நடுவைப் பார்க்காமல் விளிம்புப் பக்கம் கொஞ்சம் சாய்த்து. கூவல் குறைவதோடு, கை அசையும் சத்தமும் குறையும்.

இரண்டாவது என்றால் மொனிட்டர் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பாடசாலை மண்டபத்தில் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் இதிலேயே போனது. பாட்டுக்காரருக்கு வைப்பது போல மொனிட்டரை ஊதுபவரின் காலடியில், முன்னால் வைத்திருந்தார்கள். பாட்டுக்காரருக்கு அது சரி, ஏனென்றால் அவருடைய மைக் அவரைப் பார்க்கிறது, மைக்கின் முதுகு மொனிட்டருக்கு. ஹார்னுக்கு எல்லாம் தலைகீழ். பெல் வலப்பக்கம் பின்னால் பார்க்கிறது, அதனால் மைக் ஊதுபவருக்குப் பின்னால் நின்று முன்பக்கம் பார்க்கிறது, காலடியில் உள்ள மொனிட்டர் நேரே அதன் முகத்தில் அடிக்கிறது. கடைசியில் என் கூட்டாளி ஒருவன் பொறுமை இழந்து மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு போய் மைக்குக்குப் பின்னால் வைத்தான். அதாவது ஊதுபவரின் முதுகைப் பார்க்க, மைக்கின் முதுகுக்கும் பின்னால். கூவல் அப்படியே நின்றது. கார்டியொயிட் மைக் பின்னால் வருவதை மிகக் குறைவாகத்தான் எடுக்கும், அந்தச் செவிட்டுப் பக்கத்தில் மொனிட்டர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இடமில்லாவிட்டால் மொனிட்டரே வேண்டாம், ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுங்கள், மற்றக் காது ஹார்னுக்கு வேண்டும்.

இந்தக் கூவலையே இசையாக்கியவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1967இல் அமெரிக்கரான கோர்டன் மும்மா, தானே செய்த மின்சுற்றுப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஹார்ன் ஊதினார். அந்த அறை எந்தச் சுரங்களுக்கு அதிர்கிறது என்பதைக் கேட்டுக்கேட்டு அந்தப் பெட்டி பதில் ஒலி எழுப்பும். அந்தப் படைப்பின் பெயர் ஹோர்ன்பைப். லப்டொப் என்ற ஒன்றே இல்லாத காலம். ஆகவே கூவலை அடக்கிய பிறகு ஒரு நாள் ஆறுதலாக இருந்து அதே கூவலை வால்வால் விளையாடிப் பாருங்கள், உங்கள் அறை எந்தச் சுரத்தை விரும்புகிறது என்று தெரியவரும்.

ஸ்பீக்கரில் வருவது ஹார்ன் மாதிரியே இல்லை

தகரம் தட்டுகிற மாதிரி, அல்லது தொலைபேசிக்குள் ஊதுகிற மாதிரி இருந்தால் ஈக்குவலைசரைத் திருகுவதில் பயனில்லை. நாம் ஹார்ன் ஒலி என்று மனதில் வைத்திருப்பது பெல்லில் இருந்து நேரே வருவதை அல்ல. பின்சுவரில் பட்டுத் திரும்பி வருவதை. பெல்லுக்குள் மைக்கை விட்டால் அந்தச் சுவர் போய்விடுகிறது, வெறும் பித்தளை மிஞ்சுகிறது.

எங்கள் மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் பெரிய திரைச்சீலை தொங்கும், கோவில் கொட்டகை என்றால் கிடுகு. இரண்டும் ஒலியைக் குடித்துவிடும். ஊதுபவருக்குப் பின்னால் ஒன்றரை மீற்றர் தள்ளி ஒரு பிளைவுட் பலகையை, கொஞ்சம் சாய்த்து, நிறுத்துங்கள். பெரிதாக வேண்டியதில்லை, ஒரு கதவின் அளவு போதும். உண்மையில் நாங்கள் முதல்முறை நிறுத்தியது ஒரு கதவைத்தான். ஆனால் இப்போது மொனிட்டரும் அங்கேதான் வரப் போகிறது, ஆகவே பலகையை வலப்பக்கமும் மொனிட்டரை இடப்பக்கமும் ஒதுக்கிவிடுங்கள்.

ஊதியதற்குப் பிறகு பிந்தி வருகிறது

முதலில் ஸ்பீக்கர் புளூடூத்தா என்று பாருங்கள். அப்படியென்றால் இந்தப் பகுதியில் மிச்சத்தை வாசிக்க வேண்டாம், வயர் போடுங்கள். புளூடூத்தில் 100, 200 மில்லிசெக்கன் பிந்துவது சாதாரணம், எந்தச் செட்டிங்காலும் அதைத் தீர்க்க முடியாது.

வயர்தான் என்றால் பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித்துண்டின் அளவை, பாருங்கள். செக்கனுக்கு 48,000 சாம்பிளில் வேலை செய்யும்போது 64 சாம்பிள் பஃபர் 1.3 மில்லிசெக்கன், 256 என்றால் 5.3, 1024 என்றால் 21. உள்ளே வர ஒருமுறை, வெளியே போக ஒருமுறை, இன்டர்பேஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். 30 பாகை வெப்பத்தில் ஒலி காற்றில் 10 மில்லிசெக்கனில் மூன்றரை மீற்றர் போகிறது. அந்தளவு தாமதம் என்றால் மேடையின் மறுபக்கம் நிற்கும் ஒருவரோடு சேர்ந்து வாசிப்பது போல, பழகிக்கொள்ளலாம். நான் 128இல் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஹார்னில் இதற்கு நேர் எதிரான பிழையும் வரும், அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நாள் எடுத்தது. பார்வையாளர் இடத்தில் இருந்து கேட்டால் மின்னொலி முந்தியும் ஹார்ன் பிந்தியும் கேட்கிறது. பெல் பின்னால் பார்க்கிறது, பின்சுவர் நான்கு மீற்றர் தள்ளி, ஒலி போய்த் திரும்ப எட்டு மீற்றர், அதற்கே 23 மில்லிசெக்கன். ஸ்பீக்கரோ மேடையின் முன் விளிம்பில். இங்கே பஃபரைக் குறைக்கக் குறைக்கப் பிழை கூடும். வெளியே போகும் ஒலிக்கு 20 மில்லிசெக்கன் டிலே போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக உட்காரும்.

கணினி வேறு சுரம் காட்டுகிறது

எவ்வளவு வேறு என்று முதலில் பாருங்கள், அந்த இடைவெளியே காரணத்தைச் சொல்லும்.

சரியாக ஐந்தாம் சுரம் கீழே காட்டினால் பிழையே இல்லை. ஹார்ன் எஃப் வாத்தியம், தாளில் சி என்று எழுதியிருப்பதை ஊதினால் அதற்குக் கீழுள்ள எஃப் ஒலிக்கும். கணினி ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எண் (மிடி எண்) கொடுக்கும், நீங்கள் சி-க்குரிய 60ஐ எதிர்பார்த்திருப்பீர்கள், திரையில் 53 விழும். பேட்ச்சை, அதாவது பியூர் டேட்டாவில் நாம் எழுதும் நிரலை, எழுதியவர் ஊதுபவரின் தாளைப் பார்த்து எண்களைப் போட்டிருக்கிறார். எல்லா எண்ணிலும் 7ஐக் கழியுங்கள், அல்லது வரும் சுரத்தோடு 7ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் செய்யாதீர்கள்.

அரைச் சுரம் மேலே காட்டினால் கையை இறுக்கி அடைத்து ஊதும் இடமா என்று பாருங்கள். எஃப் குழாயில் அப்படி அடைத்தால் சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறும், ஊதுபவர் அதற்கேற்ப அரைச் சுரம் இறக்கி விரல் வைப்பார். கணினிக்கு விரல் தெரியாது, ஒலி மட்டும்தான். அதனால் அடைத்து ஊதும் பகுதியில் சுரத்தை வைத்துக் கட்டளை கொடுக்காமல் காலால் மிதிக்கும் பெடலைப் பாவியுங்கள்.

ஒரு ஸ்தாயி மேலே தாவினால், அதிலும் கீழ்ச் சுரங்களில் மட்டும் தாவினால், அது வாத்தியத்தின் இயல்பு. கீழ்ச் சுரங்களில் ஹார்னின் அடிப்படை அதிர்வு மெலிந்திருக்கும், அதற்கு மேலுள்ள அதிர்வுகள் பலமாக இருக்கும். நம் காது அதைச் சேர்த்துச் சரியான சுரமாகவே கேட்டுக்கொள்ளும், சிக்மண்ட் போன்ற சுருதி பிடிக்கும் பொருள் தடுமாறும். அதன் ஜன்னலை, அதாவது ஒரு தடவைக்கு அது பார்க்கும் ஒலியின் நீளத்தை, பெரிதாக்குங்கள். 1024 சாம்பிளில் இருந்து 2048க்கு. அப்போது 43 மில்லிசெக்கன் ஒலியைக் கேட்ட பிறகுதான் அது பதில் சொல்லும், அது கட்டாயம். 44 ஹேர்ட்ஸ் எஃப் சுரத்தில் ஒரு அலை முடியவே 23 மில்லிசெக்கன் எடுக்கும், ஏறக்குறைய இரண்டு அலையாவது கேட்காமல் யாராலும் சுரம் சொல்ல முடியாது. அதனால் கீழ்ச் சுரங்களில் வேகமான பதிலை எதிர்பார்த்து எழுதாதீர்கள். எழுதுபவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

ஒரு ஸ்தாயி கீழே காட்டினால்? ஊதிக்கொண்டே குரலையும் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். எஃப், அதாவது 175 ஹேர்ட்ஸை ஊதி, அதற்கு ஐந்தாம் சுரமான 262ஐத் தொண்டையில் பாடினால், இரண்டின் வித்தியாசம் 87. அது ஒரு ஸ்தாயி கீழே உள்ள எஃப். குழாய்க்குள் அது உண்மையாகவே பிறக்கிறது, கணினி பொய் சொல்லவில்லை. இந்த உத்தி புதியதும் இல்லை, ஜெர்மன் இசையமைப்பாளர் வேபர் 1815இல் திருத்திய ஹார்ன் கொன்செர்ட்டினோவில் ஊதுபவர் ஒருவரே இப்படி ஒரே நேரத்தில் பல சுரம் எழுப்ப வேண்டும். அந்த இடங்களில் சுருதி பிடிப்பதை நிறுத்திவிட்டு ஒலியின் அளவை மட்டும் பின்தொடருங்கள்.

ஒத்திகையில் சுருதி சேர்ந்தது, கச்சேரியில் சேரவில்லை

பதிவு செய்த சுருதியோ, கணினி எழுப்பும் சுரமோ ஏ சுரத்துக்கு 440 ஹேர்ட்ஸ் என்ற கணக்கில் நிலையாக நிற்கும். ஹார்ன் நிற்காது. ஏசி போட்ட 25 பாகை அறையில் ஒத்திகை, கச்சான் வீசுகிற மாதத்தில் மின்விசிறி மட்டும் உள்ள மண்டபத்தில் 33 பாகையில் கச்சேரி. காற்றின் வெப்பம் அவ்வளவு கூடினால் ஒலியின் வேகக் கணக்குப்படி சுருதி 23 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வரை ஏறலாம், 440 என்பது 446 ஆகும். ஊதுபவரின் மூச்சு எப்படியும் குழாயைச் சூடாக்கிவிடுவதால் உண்மையில் வித்தியாசம் அதைவிடக் குறைவு. ஆனாலும் காதுக்கு நன்றாகத் தெரியும்.

மெயின் ஸ்லைடை வெளியே இழுப்பது ஒரு வழி. நான் விரும்புவது மற்ற வழி: பேட்ச்சில் 440 என்ற எண்ணை எங்குமே நேரே எழுதாமல் ஒரே ஒரு பெட்டியில் வைத்து, எல்லாம் அதில் இருந்தே கணக்குப் போடும்படி செய்யுங்கள். கச்சேரிக்கு முன் ஹார்ன் ஒரு நீண்ட சுரம் ஊதட்டும், கணினி அதைக் கேட்டு அந்தப் பெட்டியை நிரப்பட்டும். வாத்தியத்துக்குக் கணினி சுருதி சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, மின்னொலி மட்டும் ஓடும் நீண்ட பகுதியில் ஹார்ன் சும்மா இருந்தால் குழாய் ஆறிப்போகும், திரும்ப வரும்போது சுருதி தாழ்ந்து வரும். அந்த நேரத்தில் ஊதாமல், வெறும் மூச்சைக் குழாய்க்குள் விட்டுக்கொண்டே இருங்கள். மைக்கை மட்டும் அடைத்துவிட வேண்டும்.

யாரும் ஊதாமலே கணினி ஒலி எழுப்புகிறது

உங்கள் ஹார்னின் வால்வைக் காதருகில் வைத்து அழுத்திப் பாருங்கள். டக் டக் என்றால் கணினி அதைத்தான் சுரத்தின் தொடக்கம் என்று எடுக்கிறது. தடுக்கு ரப்பர் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வைச் சுழற்றும் நூல் தளர்ந்திருக்கும்.

நூலுக்கு வெளிநாட்டுக்கு எழுதத் தேவையில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் நூல் கேளுங்கள். தங்கூசி வேண்டாம், அது வழுக்கும், முடிச்சில் நிற்காது, இழுபடும். ஒரு சாண் வெட்டுங்கள். ஒரு வால்வின் நூலை மட்டும் கழற்றுங்கள், பக்கத்து வால்வு அப்படியே இருக்கட்டும், எப்படிச் சுற்றியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்ட அது வேண்டும். முடிச்சுப் போட்ட நுனியை லீவரின் துவாரத்தில் இருந்து கோர்த்து, வால்வின் நடுத்தண்டை ஒரு பக்கமாகச் சுற்றி, சின்னத் திருகில் ஒரு மடிப்புப் போட்டு, மறுபக்கமாக வந்து லீவரின் நுனித் திருகில் இறுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் எட்டு மாதிரித் தெரியும். கடைசித் திருகை முடுக்க முன் லீவர் மற்றவற்றோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பக்கவாட்டில் கண் வைத்துப் பாருங்கள்.

வால்வு சுழலவே மறுத்தால் கடற்காற்றின் உப்பு. ஊதி முடித்ததும் துடைத்து வையுங்கள், வால்வுக்கென்று உள்ள எண்ணெயை மட்டும் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்ட ஒரு ஹார்னைத் திறந்து கழுவியிருக்கிறேன், பசை மாதிரி இறுகியிருந்தது.

இரைச்சல்

விடாமல் ஒரே சுரத்தில் உறுமினால் அது கரண்ட், நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதன் இரட்டிப்பு 100. அது ஹார்னின் கீழ்ச் சுரங்களுக்குள்ளேயே, ஜி பக்கத்தில் விழுவதால் சுருதி பிடிப்பதும் கெடும். லப்டொப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால் பற்றரியில் ஓடுங்கள், அல்லது ஒலி வயருக்கு இடையில் கிரவுண்ட் லிஃப்ட் (அந்த வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பெட்டி போடுங்கள். பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் வேண்டாம், கையில் முழுவதும் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஊதுபவர்தான்.

சலசல என்று விட்டு விட்டு வந்தால், மைக்கை அணைத்துவிட்டு வெறும் காதால் ஹார்னைக் கேளுங்கள். அங்கேயும் கேட்டால் குழாய்க்குள் தண்ணீர், ஸ்லைடுகளைக் கழற்றி ஊற்றுங்கள். ஹார்னில் நன்றாக, ஸ்பீக்கரில் மட்டும் சலசலத்தால் கணினி திணறுகிறதா என்று பாருங்கள். வைஃபையை நிறுத்துங்கள், பஃபரை ஒரு படி கூட்டுங்கள். அதிலும் தீராவிட்டால் மைக்கின் ஈரம். ஏசி வாகனத்தில் கொண்டுவந்த கண்டென்சர் மைக்கை வாவிக்கரைக் காற்றில் உடனே திறந்தால் உள்ளே பனிக்கும். பெட்டியோடு அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருந்து, பிறகு திறந்து, அந்த மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டைப் போடுங்கள்.

வாவியின் ஒலியோடு கலந்தால் ஹார்ன் காணாமல் போகிறது

இது எங்கள் ஊருக்கே உரிய பிழை. வாவியில் மீன் பாடுகிறது என்று சொல்லப்படும் ஊரில் இருந்துகொண்டு அந்த ஒலியைப் பாவிக்காமல் விட யாருக்கு மனம் வரும்? துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வதைப் போலவே, நாங்களும் தண்ணீருக்குள் மைக் இறக்கிக் கல்லடிப் பாலத்தடியில் பதிவு செய்தோம். கேட்க அழகு. ஹார்னோடு விட்டால் எல்லாம் கலங்கல்.

பதிவில் பாதிக்கு மேல் பாலத்தில் போகும் வாகனங்களின் அடியதிர்வு. 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வாவிப் பதிவில் வெட்டுங்கள், ஹார்னில் வெட்டாதீர்கள். அதன் பிறகும் கலங்கினால், ஹார்னின் அளவு ஏற ஏற வாவியின் அளவு தானாக இறங்கும்படி பேட்ச்சில் கட்டிவிடுங்கள். ஊதி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் மெதுவாகத் திரும்பி வரும். இரண்டு செக்கன் எடுத்து வரட்டும், அவசரப்படுத்தினால் பம்பு போடுகிற மாதிரி இருக்கும்.

நடுவில் கரண்ட் போய்விட்டது

லப்டொப் பற்றரியில் ஓடும், யுஎஸ்பியில் மின் எடுக்கும் இன்டர்பேஸும் ஓடும், மிக்ஸரும் ஸ்பீக்கரும் மட்டும் சாகும். மிக்ஸருக்குப் பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இருட்டிலேயே எல்லா ஃபேடரையும் கீழே இழுப்பது. கரண்ட் வரும்போது ஸ்பீக்கரில் விழும் அடி கோனைக் கிழித்துவிடும், பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள். ஊதுபவர் நிறுத்தக்கூடாது. பேட்ச் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இயர்போன் இன்டர்பேஸில் நேரே மாட்டியிருந்தால் அவர் காதில் எல்லாம் கேட்கும், எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதும் தெரியும். ஆகவே இயர்போனை மிக்ஸரில் மாட்டாமல் இன்டர்பேஸிலேயே மாட்டி வையுங்கள், ஜெனரேட்டர் வந்ததும் ஃபேடரை மெல்ல ஏற்றினால் விட்ட இடத்தில் இருந்தல்ல, வந்து சேர்ந்த இடத்தில் இருந்து தொடரும்.